அடுப்படியிலிருந்து அணியத்துக்கு

1985இல், உலகைச் சுற்றிவரும் விட்பிரெட் பாய்மரப் படகுப் பந்தயம் இங்கிலாந்திலிருந்து கிளம்பியது. அதில் ஓடிய ‘அட்லாண்டிக் பிரைவடீர்’ என்ற படகில் ஆண்களுக்கு நடுவே ஒரே ஒரு பெண் இருந்தார். டிரேசி எட்வர்ட்ஸ் என்று பெயர். வயது 23. ஏற்கெனவே படகுகளில் வேலை பார்த்தவர், கடலை அறிந்தவர். இருந்தும் அந்தப் படகில் ஏற அவருக்குத் திறந்த ஒரே கதவு அடுப்படிக் கதவுதான். சமையல்காரியாக ஏறினார்.

பாய்மரப் படகும் ஒருவகையில் வீடுதான். நடுவில் சில படிகள் கீழே இறங்கினால் அடுப்படி. பின்பக்கம் சுக்கான். அதைப் பிடிப்பவருக்கு வீட்டுத் தலைவரின் மரியாதை. முன்பக்கம், பாய்மரத்துக்கும் படகின் மூக்குக்கும் இடையில் ஒரு சிறு முற்றம். நெய்தல் நிலத்து மக்கள் படகின் முன்பகுதியை அணியம் என்பார்கள். அலை முதலில் வந்து மோதும் இடம் அது. கயிறுகளும் கழிகளும் பைக்குள் அடைத்த பாய்களும் அங்கேதான் வேலைக்கு வரும். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதிக்கு மேலைநாட்டுப் படகுகளில் அணியம் ஆண்களின் இடமாக இருந்தது. பெண் அடுப்படியில் இருக்கலாம், விருந்தாளியாகப் பின்னால் உட்காரலாம், நல்ல காற்றில் சிறிது நேரம் சுக்கானையும் பிடிக்கலாம். அணியத்துக்குப் போக வலு வேண்டும் என்றார்கள்.

இந்த ‘வலு’ என்ற சொல்லைத்தான் இந்தக் கட்டுரையில் சோதித்துப் பார்க்க விரும்புகிறேன். அதற்கு அணியத்து வேலைகளிலேயே மிகவும் அச்சமூட்டுவதாகச் சொல்லப்பட்ட ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். அது ஸ்பின்னக்கர் என்னும் பாயைக் கட்டி ஏற்றுவது. நான் தமிழ் இலக்கணம் கற்பிப்பவள். ஒரு வேலையை அதன் உறுப்புகளாகப் பிரித்து, எது எதைத் தாங்குகிறது என்று பார்ப்பது என் தொழில்பழக்கம்.

ஸ்பின்னக்கர் பின்காற்றுக்கு உரிய பாய். காற்று முதுகுப்பக்கமிருந்து வரும்போது மற்றப் பாய்கள் ஒன்றையொன்று மறைத்துச் சோர்ந்து தொங்கும். அப்போது படகுக்கு முன்னால் பலூன்போலப் புடைத்து நிற்பது இதுதான். பெரும்பாலும் பளிச்சென்ற நிறங்களில் இருக்கும். பாய்மரப் படகுகளின் படங்களில் நம் கண் முதலில் போய் நிற்பதும் இதில்தான். 1865, 1866 ஆண்டுகளில் இங்கிலாந்தின் பந்தயப் படகுகளில் இந்தப் பாய் புகழ்பெற்றது. ‘நயோபி’, ‘ஸ்ஃபிங்ஸ்’ என்னும் இரண்டு படகுகளின் பெயர்கள் அதன் தொடக்கத்தோடு சேர்த்துப் பேசப்படுகின்றன. ஸ்ஃபிங்ஸ் என்பதை மாலுமிகள் ஸ்பிங்ஸ் என்று உச்சரித்ததிலிருந்து பாய்க்குப் பெயர் வந்தது என்று ஒரு விளக்கம் உண்டு. ஸ்ஃபிங்ஸ் கிரேக்கக் கதையில் வரும் பெண்முகச் சிங்கம். நயோபி பிள்ளைகளை இழந்து அழுத தாய். கப்பலுக்குப் பெண்பெயர் வைப்பார்கள், கப்பலைப் ‘பெண்’ என்று சுட்டிப் பேசுவார்கள். கப்பலில் வேலைசெய்யும் பெண்ணை மட்டும் அவர்களால் கற்பனை செய்ய முடியவில்லை.

பாய்த்துணியின் வரலாற்றில் பெண்களின் கை பழையது. வைக்கிங்குகளின் நீண்ட கப்பல்கள் ஆட்டுரோமத்தில் நெய்த பாய்களால் ஓடின. ரோமத்தைச் சீவி, கதிரில் நூற்று, தறியில் நெய்தவர்கள் பெண்கள். டென்மார்க்கிலும் நார்வேயிலும் ஆய்வாளர்கள் அத்தகைய பாய்களைப் பழைய முறையிலேயே மீண்டும் செய்துபார்த்தார்கள். கப்பலைக் கட்டிய உழைப்பைவிடப் பாயை நூற்று நெய்த உழைப்பு குறைந்ததல்ல, மிகுந்ததாகவே இருக்கும் என்பது அப்போது தெரியவந்தது. கப்பலைச் செதுக்கிய தச்சனைக் கதைகள் பாடின. பாயை நூற்றவள் கணக்கில் வரவில்லை.

ஸ்பின்னக்கரின் துணிக்கும் இப்படி ஒரு கதை இருக்கிறது. இன்று அது நைலான். 1935இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸின் குழு நைலானைக் கண்டறிந்தது. 1940இல் அது பெண்களின் காலுறையாகக் கடைக்கு வந்தது. போர் வந்ததும் அதே இழை வான்குடைக்குப் போனது. ஆலைகளில் வான்குடைகளைத் தைத்தவர்களில் பெண்கள் ஏராளம். போர் முடிந்ததும் மிச்சமான வான்குடைத் துணியில் மணப்பெண்கள் கல்யாண உடை தைத்துக்கொண்டார்கள். எடையில்லாத, கிழியாத, நெகிழ்ந்துகொடுக்கும் அந்தத் துணி படகுகளின் பின்காற்றுப் பாயாகவும் ஆனது. காலுறைக்கும் கல்யாண உடைக்கும் ஆன துணி பெண்ணுக்குப் பொருத்தமாம். அதையே நூறு சதுர மீட்டராக விரித்தால் பொருந்தாதாம்.

இனி அந்த நூறு சதுர மீட்டருக்கு வருவோம். குடும்பமாகக் கடலில் வாழ்ந்துகொண்டே பயணம் போகும் 40 அடிப் படகு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் ஸ்பின்னக்கர் சுமார் நூறு சதுர மீட்டர் இருக்கும், அதாவது ஆயிரம் சதுர அடிக்குமேல். நகரத்தில் இரண்டு படுக்கையறை கொண்ட அடுக்ககத்தின் பரப்பு. துணியின் எடையோ நாலைந்து கிலோதான், ஒரு கைக்குழந்தையின் எடை. காற்று நிரம்பிவிட்டால் அது இழுக்கும் விசை நூற்றுக்கணக்கான கிலோவைத் தாண்டும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும்.

வலுவைப் பற்றிய வாதம் இந்த இடத்திலேயே கவிழ்ந்துவிடுகிறது. நானூறு கிலோ இழுவைக்கு முன்னால் 55 கிலோ எடையுள்ள பெண்ணும் 85 கிலோ எடையுள்ள ஆணும் ஒன்றுதான். இருவராலும் வெறுங்கையால் பிடிக்க முடியாது. பிடிக்க முயன்றால் கயிறு இருவர் உள்ளங்கையையும் ஒரேமாதிரி உரித்துவிடும். இந்தப் பாய் ஒருநாளும் தசையால் ஆளப்பட்டதில்லை. அதை ஆள்வதற்கென்றே கப்பி, வின்ச், கழி, முடிச்சு என்று ஒரு முழு அமைப்பு உருவாகியிருக்கிறது. அந்த அமைப்பைக் கட்டுவதுதான் வேலை. அது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம்.

பாய்க்கு மூன்று மூலைகள். மேல்மூலையில் பாயை உயர்த்தும் கயிறு. இதற்கு நம் கடற்கரைச் சொல் ஆஞ்சான். கீழ்மூலைகள் இரண்டிலும் ஆளுக்கொரு கயிறு. காற்று வரும் பக்கத்து மூலையின் கயிறு ஒரு நீண்ட கழியின் முனைவழியாக ஓடும். அதைப் பிடிகயிறு என்று வைத்துக்கொள்வோம். மறுபக்கத்து மூலையில் இருப்பது தாமான், பாயைத் தளர்த்தவும் இறுக்கவும் உதவுவது. கழியின் ஒரு முனை பாய்மரத்தில் மாட்டியிருக்கும். மறுமுனையை மேலே ஒரு கயிறும் கீழே ஒரு கயிறும் பின்னே பிடிகயிறும் இழுத்து நிறுத்தும். மூன்று பக்கமும் கட்டுண்ட கழி அசையாது. கழி அசையாவிட்டால் பாயின் ஒரு மூலை நமக்குக் கட்டுப்பட்டுவிட்டது.

பாயை ஏற்றுவதற்கு முன்பே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும். பைக்குள் பாயை அடைக்கும்போது இரண்டு பக்க ஓரங்களையும் விரலால் தொட்டுக்கொண்டே போக வேண்டும். ஓரங்களில் பெரும்பாலும் சிவப்பு, பச்சை நாடா தைத்திருப்பார்கள். ஒரு திருகல் உள்ளே தங்கிவிட்டால், மேலே போனதும் பாய் மணற்கடிகாரம்போல நடுவில் முறுக்கிக்கொள்ளும். புடவைக்குக் கொசுவம் எடுத்தவர்களுக்கு இந்த விரல்வேலை புதிதல்ல. அடுத்து, கயிறுகள் எல்லாம் படகின் கம்பிகளுக்கும் கைப்பிடி வேலிக்கும் வெளிப்புறமாக ஓடவேண்டும். ஒன்று உள்ளே மாட்டிக்கொண்டால் பாய் விரியும்போது வேலி வளையும், அல்லது பாய் கிழியும். ஆஞ்சானின் நுனியிலிருந்து அண்ணாந்து பார்த்து, முன்கம்பியை அது சுற்றியிருக்கிறதா என்று உறுதிசெய்ய வேண்டும். இவை அத்தனையும் கண்ணின் வேலை, ஒழுங்கின் வேலை.

பிறகு படகைப் பின்காற்றுக்கு நேராகத் திருப்ப வேண்டும். பெரிய பாயின் நிழலில் ஸ்பின்னக்கரை ஏற்றுவதுதான் சூட்சுமம். அந்த நிழலில் காற்று தொடாது. பாய் சும்மா தொங்கும் துணியாகவே மேலே போய்விடும். பயணப் படகுகளில் இன்னொரு உபாயமும் உண்டு. பாய் முழுவதையும் நீண்ட காலுறை போன்ற ஓர் உறைக்குள் போட்டு, தடித்த கயிறுபோல ஏற்றிவிடுவார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று பார்த்தபின் உறையை மேலே இழுத்தால் பாய் மலரும். இறக்க வேண்டுமென்றால் ஒரு மூலையைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றிவிட்டு உறையைக் கீழே இழுக்க வேண்டும். பாய் மறுபடி காலுறைக்குள் போய்விடும். ஓர் ஆள் செய்யக்கூடிய வேலை. கழியே வேண்டாத, ஒருபக்கம் நீண்ட வடிவத்துப் பாய்களும் இப்போது பயணப் படகுகளில் பரவலாகிவிட்டன. அவற்றில் ஒரு மூலையைப் படகின் மூக்கிலேயே கட்டிவிடலாம்.

வின்ச் என்பது படகின் பக்கத்தில் நிற்கும் உருளை. கயிற்றை அதில் மூன்று நான்கு சுற்றுச் சுற்றிக் கைப்பிடியால் திருக வேண்டும். 40 என்று எண் போட்ட வின்ச்சில் பத்துக் கிலோ அழுத்தத்தைக் கொடுத்தால், உராய்வு தின்றது போக, மறுமுனையில் முந்நூறு நானூறு கிலோவை இழுக்கலாம். உருளையில் விழும் ஒவ்வொரு சுற்றும் பிடியைக் கூட்டுவதில்லை, பெருக்குகிறது. அதனால் நான்கு சுற்று போட்ட கயிற்றை ஒரு சிறுமியும் இரண்டு விரலால் பிடித்திருக்கலாம். எத்தனை சுற்று, எப்போது ஒன்றை எடுப்பது, எப்போது எடுக்கவே கூடாது என்பதுதான் அறிவு. அந்த அறிவைச் சொல்லித்தராமல் ஒரு பெண்ணின் கையில் கயிற்றைக் கொடுத்து, அது அவள் கையைப் பிய்த்துக்கொண்டு ஓடும்போது “பார்த்தாயா, இது உன்னால் ஆகாது” என்று சொல்வது எளிது. சைக்கிள், கார், கணினி என்று எத்தனையோ பொருள்களோடு இந்த நாடகம் நம் வீடுகளிலும் நடந்திருக்கிறது.

கடலில் இந்த நாடகத்துக்கு விலை உயிர். இதை இன்னும் கொஞ்சம் விளக்க வேண்டும்.

பயணப் படகுகளில் பெரும்பாலும் இரண்டே பேர், கணவனும் மனைவியும். ஆங்கிலம் பேசும் படகோட்டிகளிடையே ‘நீல வேலை’, ‘ரோஸ் வேலை’ என்று ஒரு வழக்கு உண்டு. எஞ்சின், கயிறு, அணியம் எல்லாம் நீலம். சமையல், சாமான் வாங்குவது, சுத்தம் செய்வது ரோஸ். இரண்டு பேரும் சம்மதித்துப் பிரித்துக்கொண்டதுதானே என்று கேட்கலாம். பின்காற்றில் ஓடும் படகில் காற்றின் உண்மையான வலு தெரியாது என்பதை நினைவில் வையுங்கள். 18 நாட் வேகக் காற்றில் படகு 7 நாட்டில் அதே திசையில் ஓடினால், தளத்தில் நிற்பவர் மேல் படுவது 11 நாட் காற்றுதான். இதமாக இருக்கும். இந்த நேரத்தில் அணியத்தில் நிற்கும் கணவர் கால் இடறிக் கடலில் விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரை எடுக்கப் படகைத் திருப்ப வேண்டும். திருப்பிய நொடியில் 18 நாட் காற்றும் படகின் வேகமும் சேர்ந்து எதிரே வந்து அறையும். நூறு சதுர மீட்டர் பாய் மேலே இருக்கும்வரை படகைத் திருப்பவே முடியாது. முதலில் பாயை இறக்க வேண்டும். அது நீல வேலை. அதைத் தெரிந்தவர் தண்ணீரில் இருக்கிறார். ஒவ்வொரு நிமிடமும் படகு அவரிடமிருந்து இருநூறு மீட்டருக்குமேல் விலகிக்கொண்டிருக்கிறது.

பெண்ணுக்கு ஒரு வேலையைக் கற்றுத்தராதது அவளுக்கு மட்டும் இழைக்கும் அநீதி என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப்பார்க்கலாம்.

இழப்பின் பிறகு கற்றுக்கொண்டவர் ஒருவர் வரலாற்றில் இருக்கிறார். ஆன் டேவிசனும் அவர் கணவர் ஃபிராங்கும் 1949இல் ‘ரிலையன்ஸ்’ என்ற படகில் இங்கிலாந்திலிருந்து கிளம்பினார்கள். போர்ட்லாண்ட் முனையருகே படகு பாறையில் உடைந்தது. ஃபிராங்க் இறந்தார், ஆன் பிழைத்தார். அதற்குப்பின் அவர் பாய்மரப் படகோட்ட முறையாகப் பயின்று, ‘ஃபெலிசிட்டி ஆன்’ என்ற 23 அடிப் படகில் 1952 மே மாதம் பிளிமத்திலிருந்து தனியே புறப்பட்டார். 1953 ஜனவரியில் டொமினிகா தீவைத் தொட்டார். அட்லாண்டிக்கைத் தனியே பாய்விரித்துக் கடந்த முதல் பெண் அவர்.

அடுத்த கால் நூற்றாண்டில் கதை வேகமெடுத்தது. போலந்தின் கிறிஸ்டினா ஹோய்னோவ்ஸ்கா-லிஸ்கியெவிச் கப்பல்கட்டும் பொறியாளர். சுமார் 31 அடி நீளமுள்ள ‘மசூரெக்’ படகில் 1976இல் கிளம்பி 1978இல் உலகைத் தனியே சுற்றிமுடித்த முதல் பெண் ஆனார். அதே 1978இல் நியூசிலாந்தின் நவோமி ஜேம்ஸ் கேப் ஹார்ன் வழியே 272 நாளில் சுற்றி வந்தார். ஃபிரான்சிஸ் சிசெஸ்டரின் புகழ்பெற்ற பயணத்தைவிட இரண்டு நாள் குறைவு. நவோமி முடிதிருத்தும் தொழில் பார்த்தவர், படகோட்டக் கற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. 1988இல் ஆஸ்திரேலியாவின் கே காட்டீ 189 நாள் எங்கும் நிற்காமல், யார் உதவியும் பெறாமல் தனியே சுற்றிவந்தார். இவர்கள் யாரும் உடல்பலத்தில் உலகை வென்றவர்கள் அல்லர். தனியாகப் போகிறவளுக்கு நீலம், ரோஸ் என்று பிரித்துக்கொடுக்க ஆள் இல்லை. எல்லா வேலையும் அவள் வேலை. எனவே எல்லாவற்றையும் கற்றாள்.

தனியே போவதைக்கூட உலகம் ஒருவகையில் ஏற்றுக்கொண்டது. ‘விதிவிலக்கான பெண்’ என்று ஒரு பட்டத்தைக் கொடுத்து அலமாரியில் வைத்துவிடலாம். பெண்கள் கூட்டமாக வந்தபோதுதான் கலக்கம் பிறந்தது. 1989இல் அடுத்த விட்பிரெட் பந்தயத்துக்கு டிரேசி எட்வர்ட்ஸ் மறுபடி வந்தார், இந்த முறை சமையல்காரியாக அல்ல. வீட்டை அடமானம் வைத்து, 58 அடி நீளமுள்ள பழைய அலுமினியப் படகு ஒன்றை வாங்கி, பெண்களே சேர்ந்து அதைச் சீர்செய்து ‘மெய்டன்’ என்று பெயர் வைத்தார்கள். பன்னிரண்டு பேரும் பெண்கள். தலைமையும் வழிகணிப்பும் டிரேசி. பணம் தர நிறுவனங்கள் தயங்கின. கடைசியில் ஜோர்டான் மன்னர் ஹுசேனின் ஆதரவில் அந்நாட்டு விமான நிறுவனம் முன்வந்தது. ஒரு பத்திரிகையாளர் அந்தப் படகை வேசிகள் அடைத்த தகரடப்பா என்ற பொருள்பட எழுதினார். முதல் கட்டத்தையே தாண்டமாட்டார்கள் என்று பந்தயம் கட்டியவர்கள் உண்டு.

இரண்டாவது கட்டம் உருகுவேயிலிருந்து ஆஸ்திரேலியாவின் ஃபிரிமேண்டில்வரை. தென்பெருங்கடலின் பனியும் பேரலையும் நிறைந்த, அந்தப் பந்தயத்திலேயே மிகக் கடினமான வழி. வாரக்கணக்கில் பின்காற்று, அதாவது ஸ்பின்னக்கரின் கடல். வலு வேண்டும் என்று சொல்லப்பட்ட வேலை இரவும் பகலும் நடக்கும் கடல். அந்தக் கட்டத்தில் தன் பிரிவில் ‘மெய்டன்’ முதலில் வந்தது. அடுத்த கட்டத்திலும் முதலில் வந்தது. பந்தய முடிவில் பிரிவில் இரண்டாம் இடம். ‘ஆண்டின் சிறந்த படகோட்டி’ என்ற பிரிட்டிஷ் விருது டிரேசிக்குக் கிடைத்தது. அதைப் பெற்ற முதல் பெண் அவர். விருதின் ஆங்கிலப் பெயரில் ‘ஆண்’ என்ற சொல் அப்படியே இருந்தது. அவர்கள் ஒரு துறைமுகத்துக்குள் நீச்சலுடையில் வந்த படம் உலகமெங்கும் பரவியது. தென்பெருங்கடலில் வென்ற கதை அந்த அளவுக்குப் பரவவில்லை. அதே 1990இல் பிரான்சின் ஃபுளோரன்ஸ் ஆர்தோ, ஆண்களும் ஓடிய தனிநபர் அட்லாண்டிக் பந்தயமான ரூட் டு ரோமில் முதலிடம் பிடித்தார். 2001இல் 24 வயது எலன் மெக்கார்தர் தனியே, நிற்காமல் உலகைச் சுற்றும் வாந்தே குளோப் பந்தயத்தை 94 நாளில் முடித்து இரண்டாவதாக வந்தார். அவர் ஓட்டியது 60 அடிப் படகு. அவர் உயரம் ஐந்தேகால் அடிக்கும் குறைவு.

இவற்றை எல்லாம் நான் வகுப்பறையில் பேசுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. தொல்காப்பியம் பொருளதிகாரத்தின் அகத்திணையியலில், கடல்வழிப் பயணம் பெண்ணோடு நிகழ்வதில்லை என்று ஒரு நூற்பா வருகிறது. அதற்கு வேறு பொருள் கொள்வாரும் உண்டு. ஆயினும் பெண் கடல்தாண்டக் கூடாது என்பதற்கு இலக்கணச் சான்றாக அது பலமுறை எடுத்துக்காட்டப்பட்டிருக்கிறது. முதுகலை வகுப்பில் இதை நடத்திக்கொண்டிருந்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

“மேடம், அப்போ நம்ம பாண்டிச்சேரி ரூபா மேடம் தொல்காப்பியத்தை மீறிட்டாங்களா?”

வகுப்பு சிரித்தது. நான் அந்தக் கேள்வியை அப்படியே கரும்பலகையில் எழுதிவைத்துவிட்டுத்தான் பாடத்தைத் தொடர்ந்தேன்.

அவள் சொன்னது இந்தியக் கடற்படையின் லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமியை. புதுச்சேரிக்காரர். அவரும் கோழிக்கோட்டைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் தில்னாவும் ‘தாரிணி’ என்ற பாய்மரப் படகில் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து புறப்பட்டார்கள். படகில் அவர்கள் இருவர் மட்டுமே. ஃபிரிமேண்டில், லிட்டில்டன், போர்ட் ஸ்டான்லி, கேப் டவுன் வழியாக உலகைச் சுற்றி 2025 மே 29 அன்று கோவா திரும்பினார்கள். 25,000 கடல் மைலுக்குமேல் எஞ்சினை நம்பாத பயணம். வழியில் மனித வாழிடங்களிலிருந்து உலகிலேயே மிகத் தொலைவான பாயின்ட் நீமோவையும் கடந்தார்கள். அதே ‘தாரிணி’யில் அவர்களுக்கு முன்பு, 2017 செப்டம்பரில் வர்த்திகா ஜோஷி தலைமையில் ஆறு பெண் அதிகாரிகள் போய், 2018 மே மாதம் உலகைச் சுற்றித் திரும்பியிருந்தார்கள். இந்தியக் கடற்படை 1992 முதல் பெண்களை அதிகாரிகளாகச் சேர்த்துவந்தாலும், போர்க்கப்பல்களில் அவர்களுக்கு முறையான இடம் கிடைத்திராத காலம் அது. அவர்களுக்கு நிரந்தரப் பணிக்கான உரிமையை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது 2020 மார்ச்சில்தான். உலகைச் சுற்றிவர அனுப்பலாம், கப்பலில் நிரந்தரமாக இருத்தத் தயங்கலாம். அடுப்படிக் கதவுக்கும் முன்வாசலுக்கும் இடையே இப்படியும் சில வாசல்கள் இருந்திருக்கின்றன.

மாணவியின் கேள்விக்குத் தமிழிலேயே ஒரு துணையும் உண்டு. கரிகாலனைப் பாடிய வெண்ணிக்குயத்தியார், புறநானூற்றின் 66ஆம் பாட்டில் அவனுடைய முன்னோரைக் காற்றை வேலைவாங்கி நாவாய் ஓட்டியவராகச் சொல்கிறார். குயவர் குலத்துப் பெண் என்று பெயரே சொல்லும் புலவர். காற்று எப்படி வேலை செய்யும், அதை யார் எப்படிப் பணியவைப்பது என்பது அவருக்கு விளங்கியிருந்தது. சக்கரத்தில் மண்ணை வனையும் குடியில் பிறந்தவருக்கு, விசையை எதிர்க்காமல் வழிநடத்துவது பற்றிப் பாடம் வேண்டியிருந்திருக்காது என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு. பெண் கடலேறுவதில்லை என்று இலக்கணம் சொன்ன மொழியில்தான், கடலோட்டத்தின் உட்பொருளை ஒரு பெண்ணும் சொல்லியிருக்கிறார். இரண்டையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும்.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பது நெற்களத்துக்குச் சரி. ஸ்பின்னக்கர் ஏற்றுபவர்களுக்கு அதைவிட முக்கியமானது, காற்று மிகுவதற்குள் இறக்கிக்கொள் என்பது. பாயை ஏற்றுவதில் பெருமை இருக்கலாம். உயிரைக் காப்பது இறக்கத் தெரிந்த கை. அதனால்தான் நல்ல ஆசிரியர்கள் இறக்குவதைத்தான் முதலில் சொல்லித்தருவார்கள். பயணப் படகில் போகும் இருவரில் இளைத்தவர், குள்ளமானவர், பழக்கம் குறைந்தவர் யாரோ அவரால் தனியே, இரவில், மழையில் அந்தப் பாயை இறக்க முடியுமா என்பதே அந்தப் படகில் ஸ்பின்னக்கர் ஏற்றலாமா கூடாதா என்பதற்கான சோதனை. ஒரு வீட்டுக்கும் ஒரு துறைக்கும் ஒரு கல்லூரிக்கும்கூட இந்தச் சோதனையை வைத்துப்பார்க்கலாம்.

‘மெய்டன்’ பிற்பாடு கைமாறிக் கைமாறி, கவனிப்பாரின்றி இந்தியப் பெருங்கடலின் செஷல்ஸ் தீவில் கிடந்தது. டிரேசி அதை மீட்டுச் சீர்செய்தார். பெண்குழந்தைகளின் கல்விக்கு நிதிதிரட்ட அது உலகம் சுற்றத் தொடங்கியது. 2023 செப்டம்பரில், முதல் விட்பிரெட்டின் ஐம்பதாம் ஆண்டு நினைவாக ஓஷன் குளோப் பந்தயம் நடந்தது. பழைய படகுகள், பழைய கருவிகள். செயற்கைக்கோள் வழிகாட்டி இல்லை, நட்சத்திரத்தையும் சூரியனையும் அளந்துதான் வழி பார்க்க வேண்டும். ஹெதர் தாமஸ் தலைமையில் ‘மெய்டன்’ பெண்களோடு ஓடியது. 2024 ஏப்ரலில், படகுகளின் அளவுக்கேற்பத் திருத்திய நேரக் கணக்கில் ஒட்டுமொத்த முதலிடம் பெற்றது. முழுக்கப் பெண்களே ஓட்டிய படகு ஒன்று உலகைச் சுற்றும் பந்தயத்தை வென்றது அதுவே முதல் முறை. ஓட்டியவர்களில் இந்தியரும் உண்டு. 2017இல் ‘தாரிணி’யில் போன ஆறு பேரில் ஒருவரான பாயல் குப்தா.